கைக்குழந்தையும் பேசும் கம்ப்யூட்டரும்

இந்த மாதப் பாடம் சற்று வித்தியாசமானது. எக்ஸெல் தொகுப்பில் தேதிகளைக் கூட்டுவது, ஒரு நாளின் பதிவுகளை மட்டும் எண்ணுவது, போனைப் பேச வைப்பது எல்லாம் இதில் உண்டு. ஆனால் இவற்றைக் கண்ணால் பார்க்காமல், இடது கையில் ஒரு பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் செய்யப் போகிறோம்.

எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. என் மனைவிக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். எங்கள் மகள் பிறந்து மூன்றாம் நாள், மருத்துவமனையில் இருந்து கிளம்பும்போது ஒரு நர்ஸ் கேட்டார்: "வீட்டுல பாப்பாவை யார் சார் பார்த்துக்குவாங்க?"

"நாங்கதாம்மா."

"அது சரி சார், பார்த்துக்கிறது யாரு?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் இந்தக் கேள்வி எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு ஒரு உதாரணம் உண்டு. 2010ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், பார்வையற்ற ஒரு தம்பதியிடம் இருந்து பிறந்து இரண்டே நாளான பெண் குழந்தையை அதிகாரிகள் எடுத்துச் சென்றுவிட்டனர். பெற்றோருக்குக் கண் தெரியாது என்பதே காரணம். 57 நாட்கள் கழித்துத்தான் குழந்தை திரும்பக் கிடைத்தது. பெற்றோரின் ஊனத்தைக் காரணம் காட்டிக் குழந்தையைப் பிரிக்கக் கூடாது என்று மாற்றுத் திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 23ஆம் பிரிவு சொல்கிறது. இந்தியா 2007ல் இதை ஏற்றுக்கொண்டது. சட்டம் இருக்கட்டும், "நேற்று குழந்தை எத்தனை முறை பால் குடித்தது?" என்று டாக்டர் கேட்டால் உடனே பதில் சொல்லத் தெரிந்த பெற்றோரிடம் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. இது என் அனுபவம். அந்தப் பதிலைத் தயாராக வைத்துக்கொள்வதுதான் இந்தப் பாடத்தின் முதல் பாதி.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் கண் நன்றாகத் தெரியலாம். இருந்தாலும் படியுங்கள். இரவு இரண்டு மணிக்கு விளக்கைப் போடாமல் வேலை செய்வது எல்லாப் பெற்றோருக்கும் உள்ளதுதானே!

முதலில் போன்

ஆண்ட்ராய்ட் போனில் உள்ள டாக்பேக் வசதிக்குத் தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. செட்டிங்ஸ் சென்று, அக்சஸிபிலிட்டி பிரிவில் டாக்பேக் தேர்ந்தெடுத்து ஆன் செய்திடவும். அங்கேயே ஷார்ட்கட் வசதியையும் இயக்கி வைத்தால், பிறகு இரண்டு வால்யூம் பட்டன்களையும் சேர்த்துச் சில நொடிகள் அழுத்தினாலே டாக்பேக் வரும், போகும். இனி ஒரு விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்த ஐகானின் பெயரைப் படிக்கும். இரண்டு முறை தட்டினால் அது திறக்கும். ஐபோனில் இதே வேலையை வாய்ஸ் ஓவர் செய்கிறது.

தமிழ்க் குரலுக்கு, அதே அக்சஸிபிலிட்டி பிரிவில் டெக்ஸ்ட் டு ஸ்பீச் என இருப்பதைத் திறந்து, கூகுளின் பேச்சு இன்ஜினைத் தேர்ந்தெடுத்து, இன்ஸ்டால் வாய்ஸ் டேட்டா மூலம் தமிழை இறக்கிக்கொள்ளலாம்.

குழந்தை உள்ள வீட்டில் அவசியமான ஒரு சங்கதி டாக்பேக் மெனுவில் ஒளிந்திருக்கிறது. ஒரு விரலைத் திரையில் கீழ்நோக்கி இழுத்து, விரலை எடுக்காமலேயே வலப்பக்கம் திருப்பவும். மெனு கிடைக்கும். அதில் ஹைட் ஸ்க்ரீன் என்பதைத் தேர்ந்தெடுத்தால் திரை முழுக்கக் கறுப்பாகிவிடும்; போன் மட்டும் வேலை செய்துகொண்டே இருக்கும். குழந்தையின் கண்ணில் வெளிச்சம் படாது. ஐபோனில் மூன்று விரல்களால் மூன்று முறை தட்டினால் இதே பலன் கிடைக்கும்.

போன் பேசினால் குழந்தை எழுந்துவிடுமே என்று கேட்பீர்கள். இயர்போன் போடுங்கள், ஆனால் ஒரு காதில் மட்டும். மற்றொரு காது குழந்தைக்கு. எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டு காதையும் அடைத்துக்கொள்வது, பார்வை உள்ளவர் கண்ணைக் கட்டிக்கொள்வதற்குச் சமம். குழந்தை மூச்சு விடும் சத்தம், பால் விழுங்கும் சத்தம், சத்தம் வராத சத்தம் எல்லாம் அந்தக் காதுக்குத்தான் வர வேண்டும்.

இரவுக் கணக்கு

குழந்தைகளுக்கான குறிப்பேடு போல வேலை செய்யும் ஆப்கள் நிறைய உள்ளன. மூன்றைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் எந்தப் பட்டனுக்கும் பெயர் இல்லை. டாக்பேக் எல்லாவற்றையும் "பட்டன், பட்டன்" என்றே படித்தது. இன்னொன்றில் ஒரு வட்டத்தை விரலால் சுற்றி நேரம் வைக்க வேண்டும். மூன்றையும் நீக்கிவிட்டேன்.

கடைசியில் கைகொடுத்தது வாட்ஸ்அப். நானும் மனைவியும் மட்டும் இருக்கும் ஒரு குரூப் தொடங்கினோம். குழந்தை பால் குடித்தால் "ப" என்ற ஒற்றை எழுத்தை அனுப்புவோம். துணி ஈரமானால் "ஈ". மலம் போனால் "ம". மருந்து கொடுத்தால் "மரு" என்று போட்டு மருந்தின் பெயர். நேரத்தை நாம் எழுத வேண்டியதே இல்லை. வாட்ஸ்அப் தானே பதிந்துகொள்ளும். மற்றவர் தூங்கினாலும் காலையில் கேட்டுக்கொள்ளலாம். "நீ மருந்து கொடுத்தியா, நான் கொடுத்தேனா" என்ற சந்தேகமே எங்கள் வீட்டில் வந்ததில்லை. பார்வை உள்ள வீடுகளில் இந்தச் சந்தேகம் நிறைய வருவதாகக் கேள்விப்படுகிறேன்.

ஏன் குரலில் சொல்லாமல் எழுத்து என்றால், மைக்கைத் தட்டி "பால்" என்று சொல்லும் அதே நொடியில் குழந்தை வீறிடும். அதையும் சேர்த்துப் போன் என்னென்னவோ டைப் செய்து வைக்கும்.

காலையில் எக்ஸெல்

கம்ப்யூட்டரில் என்விடிஏ என்ற இலவச ஸ்க்ரீன் ரீடர் வைத்துள்ளேன். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்பவர் 2006ல் தொடங்கியது இது. பின்னர் ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். இன்ஸ்டால் செய்தபின் கண்ட்ரோல், ஆல்ட், என் கீகளை அழுத்தினால் பேசத் தொடங்கும். இதனுடன் வரும் இஸ்பீக் குரல் தமிழ் படிக்கும். ஆனால் இயந்திரத்தனமாக இருக்கும். விண்டோஸ் செட்டிங்ஸில் ஸ்பீச் பிரிவுக்குச் சென்று தமிழ்க் குரலைச் சேர்த்தால் வள்ளுவர் என்ற குரல் கிடைக்கும். பிறகு இன்சர்ட், கண்ட்ரோல், எஸ் கீகளை அழுத்தி, வரும் பட்டியலில் விண்டோஸ் ஒன்கோர் என்பதைத் தேர்ந்தெடுத்திடவும். எனக்கு இஸ்பீக் போதும். வேகமாகப் பேசும்.

இப்போது எக்ஸெல் திறந்து, முதல் வரிசையில் தேதி, நேரம், என்ன, குறிப்பு என நான்கு தலைப்புகளை டைப் செய்திடவும். முதல் தலைப்பில் கர்சரை வைத்து இன்சர்ட், ஷிப்ட், சி அழுத்தினால், இது தலைப்பு வரிசை என்று என்விடிஏ தெரிந்துகொள்ளும். பிறகு எந்தச் செல்லுக்குப் போனாலும் தலைப்பையும் சேர்த்துப் படிக்கும்.

தேதியை டைப் செய்ய வேண்டாம். கண்ட்ரோல் கீயுடன் அரைப்புள்ளி கீயை அழுத்தினால் இன்றைய தேதி வரும். கண்ட்ரோல், ஷிப்ட், அரைப்புள்ளி அழுத்தினால் இப்போதைய நேரம் வரும். மேல் செல்லில் உள்ளதே மீண்டும் வேண்டுமென்றால் கண்ட்ரோல் டி. பகலில் இப்படி நேரடியாகப் பதிந்துவிடலாம். இரவில் நடந்ததை வாட்ஸ்அப் பார்த்து, மன்னிக்கவும், கேட்டு, காலையில் சேர்த்திடவும். வாட்ஸ்அப்பில் எக்ஸ்போர்ட் சாட் மூலம் முழு உரையாடலையும் டெக்ஸ்ட் பைலாக எடுக்க முடியும். அதைச் சுத்தம் செய்யும் நேரத்தில் இருபது வரிகளை டைப் செய்து முடித்துவிடலாம்.

இனி எண்ணிக்கை. இந்த இதழைக் காதால் கேட்டுப் படிப்பவர்களும் இருப்பார்கள் என்பதால் பார்முலாவைச் சொல்லாகவே தருகிறேன். எஃப்1 செல்லுக்குச் சென்று, சமக் குறி போட்டு, சி, ஓ, யு, என், டி, ஐ, எஃப், எஸ் என்ற எழுத்துகளை இடைவெளியின்றி டைப் செய்திடவும். அடைப்புக்குறியைத் திறந்து ஏ, முக்காற்புள்ளி, ஏ; பிறகு காற்புள்ளி. அடுத்து டி, ஓ, டி, ஏ, ஒய் என டைப் செய்து, அடைப்புக்குறியைத் திறந்து உடனே மூடி, கழித்தல் குறியும் 1ம் போடவும். மீண்டும் காற்புள்ளி, சி, முக்காற்புள்ளி, சி, காற்புள்ளி. இரட்டை மேற்கோளுக்குள் "ஈ". அடைப்புக்குறியை மூடி என்டர் தட்டவும். நேற்று எத்தனை துணி ஈரமானது என்று அந்தச் செல் சொல்லும். "ஈ" இருக்கும் இடத்தில் "ப" போட்டு எஃப்2 செல்லில் இன்னொன்று அமைத்தால் பால் கணக்கு. "கழித்தல் 1" இல்லாமல் அமைத்தால் இன்றைய கணக்கு.

இந்த எண்கள் வெறும் விளையாட்டு அல்ல. பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஆறாம் நாளில் இருந்து குறைந்தது ஆறு முறையாவது துணி ஈரமாக வேண்டும். ஈரம் குறைந்தால் பால் போதவில்லை என்று முதலில் சொல்வது இந்தக் கணக்குதான். குழந்தையின் முகம் வாடியிருப்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள எங்களால் முடியாது. எஃப்1 செல்லைக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். பதினோராம் நாள் அது நான்கு என்றது. அன்றே டாக்டரிடம் போனோம். அவர் எடை போட்டுப் பார்த்து, தாய்ப்பால் கொடுக்கும் நிலையை மாற்றிக் காட்டினார். இரண்டு நாளில் ஏழுக்கு வந்தது.

தடுப்பூசித் தேதிகள்

இன்னொரு ஷீட்டில் பி1 செல்லில் பிறந்த தேதியை டைப் செய்திடவும். பி2ல் சமக் குறி, பி1, கூட்டல், 42. இது ஆறு வாரம். பி3ல் 70 கூட்டினால் பத்து வாரம். பி4ல் 98 கூட்டினால் பதினான்கு வாரம். தேதிக்குப் பதில் ஐந்து இலக்க எண் ஒன்று வந்தால் பயப்பட வேண்டாம். எக்ஸெல் தேதியை உள்ளுக்குள் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. கண்ட்ரோல், ஷிப்ட், 3 அழுத்தினால் தேதியாக மாறிவிடும். ஒன்பது மாதம் முடிவதற்கு நாட்களைக் கூட்டினால் கணக்கு தவறும். அதற்குச் சமக் குறி, பிறகு இ, டி, ஏ, டி, இ, அடைப்புக்குறிக்குள் பி1, காற்புள்ளி, 9 எனக் கொடுக்கவும். இவை குழந்தைக்கு அந்த வயது முடியும் தேதிகள். அதற்கு முன்னால் ஊசி போட மாட்டார்கள். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமைதான் தடுப்பூசி நாள். எனவே அடுத்து வரும் புதன்கிழமைக்குப் போனில் நினைவூட்டல் வைத்துவிடுவேன்.

தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரப்படும் 12 இலக்க எண்ணை இதே ஷீட்டில் சேமித்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்பார்கள். அப்படியே டைப் செய்தால் எக்ஸெல் அதைச் சுருக்கி, நடுவில் "இ பிளஸ் 11" என்று காட்டும். ஸ்க்ரீன் ரீடரும் அப்படியே படிக்கும். எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றைப் போட்டுவிட்டால் 12 இலக்கமும் முழுதாக நிற்கும்.

தடுப்பூசி அட்டையைக் கேமராவால் படிக்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். அச்சடித்த பகுதி வரும். பேனாவால் எழுதியது பெரும்பாலும் வராது. அங்கேயே நர்ஸிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, போனில் ஒலிப்பதிவு செய்துகொள்வேன்.

இரண்டு மருந்து பாட்டில்கள்

ஆறாவது வாரத் தடுப்பூசி போட்ட அன்று இரவு குழந்தைக்குக் காய்ச்சல். ஊசிக்குப் பின் காய்ச்சல் வரலாம் என்று சொல்லி, பாரசிட்டமால் சொட்டு மருந்தையும் அதன் அளவையும் டாக்டர் முன்பே கொடுத்திருந்தார். அலமாரியில் அதுவும், வைட்டமின் டி சொட்டு மருந்தும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டும் 15 மில்லி பாட்டில். பாரசிட்டமால் பாட்டிலுக்கு இரண்டு ரப்பர் பேண்டு, மற்றதற்கு ஒன்று. இதுதான் எங்கள் அடையாளம். கையை வைத்தால் எதிலும் ரப்பர் பேண்டு இல்லை. மாலையில் குழந்தையைப் பார்க்க வந்த அத்தை, அலமாரியைத் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டுப் போயிருந்தார்கள். பாவம், நல்ல மனதோடு செய்த வேலை.

போன் கேமராவைக் காட்டினேன். வளைந்த சின்ன பாட்டில். "15 மில்லி" என்றது, ஏதோ ஒரு முகவரியைப் படித்தது, பெயரில் பாதியைச் சொன்னது. மனைவி முகர்ந்து பார்த்தாள். இரண்டிலும் ஒரே பழ வாசனை. "வேணாங்க, பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுங்க" என்றாள். இரவு இரண்டரை மணிக்குக் கதவைத் தட்டினேன். நான் கையில் வைத்திருந்தது வைட்டமின் டி.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நம் கடைகளில் விற்கும் பாரசிட்டமால் சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம் மருந்து இருக்கும். அதே பாரசிட்டமாலின் சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 250 மில்லிகிராம். அதாவது 120 சிரப்புக்கு உரிய அளவைத் தவறிப்போய்ச் சொட்டு மருந்தில் எடுத்துவிட்டால் நான்கு மடங்குக்கும் மேல் உள்ளே போய்விடும். பெயர் சரியாக இருந்தும் மருந்து தப்பாகிவிடும். பெயரை மட்டும் படித்துச் சொல்லும் ஆப்பை இதற்கு நம்ப முடியாது.

அதற்குப் பிறகு செய்த மாற்றங்கள் இவை. பாட்டில்கள் இப்போது வேறு வேறு அறையில். அடையாளம் மூடியில் இல்லை, பாட்டிலில், மூடி மாறிவிடலாம். உங்கள் போனில் என்எஃப்சி வசதி இருந்தால் அதற்கான ஸ்டிக்கர் வாங்கி, மருந்தின் பெயர், 1 மில்லியில் எவ்வளவு, வாங்கிய தேதி ஆகியவற்றை ஒரு ஆப் மூலம் அதில் எழுதி பாட்டிலில் ஒட்டலாம். போனை அருகில் கொண்டு சென்றதும் படித்துவிடும். மருந்துக் கடையிலேயே, கடைக்காரர் வாயால் படித்துக் காட்டிய உடன் ஒட்டிவிட வேண்டும். வீட்டுக்கு வந்து ஒட்டலாம் என்றால் பழைய கதைதான்.

அளவுக்கு ஊசி இல்லாத சிரிஞ்ச் நல்லது. சரியான அளவை ஒரு முறை நர்ஸை எடுக்கச் சொல்லி, உள்தண்டு குழாயை விட்டு வெளியே வரும் இடத்தில் பிளேடால் ஒரு சிறு வெட்டு போடவும். அடுத்த முறை நகம் அந்த வெட்டில் தட்டும் வரை இழுத்தால் அதே அளவு. எடை கூடி டாக்டர் அளவை மாற்றினால், பழைய சிரிஞ்சை உடைத்து எறிந்துவிட்டுப் புதியதில் வெட்டு போட வேண்டும்.

தெர்மாமீட்டரில் பேசும் வகையையே வாங்குங்கள். சாதாரண டிஜிட்டல் திரையில் எண்கள் தனித்தனிக் கோடுகளால் ஆனவை. கேமரா ஆப் 8ஐ 6 என்னும். நடுப் புள்ளியை விட்டுவிடும். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட் வந்தாலே டாக்டரிடம் பேச வேண்டும் எனும்போது அந்தப் புள்ளி முக்கியம்.

எதற்குப் பயன்படுத்தக் கூடாது?

மைக்ரோசாப்டின் சீயிங் ஏஐ 2017ல் ஐபோனுக்கு வந்தது. 2023 முதல் ஆண்ட்ராய்டிலும் கிடைக்கிறது. கூகுளின் லுக்அவுட் உள்ளது. டென்மார்க்கில் பிறந்து 2015ல் வெளியான பி மை ஐஸ் ஆப்பில், பார்வை உள்ள தன்னார்வலர் வீடியோவில் வந்து பார்த்துச் சொல்வார். எல்லாம் இலவசம். பால் பவுடர் டப்பாவின் தேதி, கழற்றிப் போட்ட சட்டையில் கறை உள்ளதா, காணாமல் போன நிப்பிள் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறதா என்பதற்கெல்லாம் அருமை. படம் பார்த்து விவரிக்கும் ஏஐ சில நேரம் இல்லாததையும் உறுதியாகச் சொல்லும். சட்டைக் கறை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம்.

மஞ்சள் காமாலை விஷயத்தில் மட்டும் போனை எடுக்கவே எடுக்காதீர்கள். முதல் வாரத்தில் பல குழந்தைகளுக்கு இது வரும். பெரும்பாலும் தானே போகும். ஆனால் அளவு ஏறினால் மூளையைப் பாதிக்கும். அறை விளக்கின் நிறத்துக்கு ஏற்பக் கேமராவில் தோலின் நிறமும் மாறும். பார்வை உள்ளவர்களே இதில் ஏமாறுவது உண்டு. எனவே கிளம்பும் முன் "எங்களுக்கு மஞ்சள் தெரியாது, எந்த நாள் மறுபடி கொண்டு வரட்டும்?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். தோலில் வைத்து அளக்கும் கருவியோ ரத்தப் பரிசோதனையோ சொல்லிவிடும். குழந்தை பாலுக்கு எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தால் அந்த நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

குழந்தையின் உடம்பில் தடிப்பு உள்ளதா என்று துணியில்லாமல் முன்பின் தெரியாதவருக்கு வீடியோவில் காட்டுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்கு அக்கா, தங்கை, பக்கத்து வீடு இருக்கிறது.

இவ்வளவு கருவிகளுக்கு நடுவே, தவழத் தொடங்கிய பிறகு எங்களுக்கு அதிகம் உதவியது கொலுசு. பார்வையற்ற பெற்றோர் பல நாடுகளில் குழந்தையின் ஷூவில் மணி கட்டுகிறார்கள். நமக்கு அது தாய்மாமன் சீரிலேயே வந்துவிடுகிறது. வாங்கும்போது கடைக்காரரிடம் சத்தம் கேட்டு வாங்குங்கள். வலது காலுக்கும் இடது காலுக்கும் வேறு வேறு சத்தம் இருந்தால் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்பதுகூடத் தெரியும். ஒவ்வொரு மணியையும் இழுத்துப் பார்த்து, பற்று வைத்தது உறுதியாக உள்ளதா என்று வாரம் ஒரு முறை விரலால் சோதித்திடவும். கழன்ற மணி நேராக வாய்க்குத்தான் போகும். எண்ணிக்கையை எக்ஸெல்லில் எழுதி வைத்துள்ளேன்: வலதில் 9, இடதில் 9.